நாய்க்குட்டி வரும் பதிப்பு

1961 ஜனவரி 8, ஞாயிறு

மழை இல்லை, பனிதான். காலையில் மலை ஊற்றிலிருந்து பீலி வழியே விழும் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் பல் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. இருப்பதே நாலைந்து.

இந்த டயரி டிஸ்பென்சர் ஐயா கொடுத்தது. மருந்துக் கம்பனிக்காரர்கள் அவருக்கு ஒன்றுக்கு இரண்டாக அனுப்பிவிட்டார்களாம். எனக்கு எழுத்து தெரியாதே என்றேன். "ஒங்க மருமகளுக்குத் தெரியுமே, அழகன்" என்றார். ஆகவே நான் சொல்கிறேன், மருமகள் பூரணி எழுதுகிறாள். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ரொட்டி சுட்டு முடித்து, அடுப்புச் சூடு இருக்கும்வரை கொஞ்ச நேரம். என் பேச்சை அவள் துவைத்து மடித்துப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். நான் சொன்னதைத்தான் எழுதுகிறாயா என்று கேட்டேன்.

"பின்ன, நானா கத கட்டுறேன், மாமா?"

எழுதியிருப்பது என்ன என்று எனக்குத் தெரியப்போவதில்லை. நம்ப வேண்டியதுதான்.

ஜனவரி 15, ஞாயிறு

நேற்றுப் பொங்கல். இன்று மத்தியானம் வெயில் நல்லபடியாக விழுந்தது. லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் பெண்கள் தலை காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதை சொல்லச் சொன்னார்கள். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. இங்கே கதை என்றால் முத்துக்குடை ராணி கதைதான்.

இளையவள் பேச்சைக் கேட்டு ராசா தன் மூத்த ராணியின் முத்துக்குடையைப் பறித்துக்கொண்டு உச்சி வெயிலில் அவளைத் துரத்துகிறான். அவள் நடக்காத காடில்லை. கடைசியில், தான் களங்கமில்லாதவள் என்று காட்ட நெருப்பில் இறங்கிச் சாம்பலாகிறாள். அப்போது ஒரு சித்தர் வருகிறார். கையில் நீளக் கழுத்துள்ள கண்ணாடிச் சீசா. அதிலிருக்கும் அமிர்தத்தைச் சாம்பலில் ஊற்றுகிறார். ராணி எழுந்து நிற்கிறாள். தலைக்கு மேலே குடை. முன்னால் ஒரு வெள்ளை நாய்க்குட்டி ஓடுகிறது. அது வழி காட்ட அவள் அரண்மனைக்குத் திரும்புகிறாள். நாய்க்குட்டி வாசற்படியில் கால் வைத்தால் கதை முடிந்தது. பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். என் காலம் முழுக்க இந்தத் தோட்டத்தில் அப்படித்தான்.

இன்று கீழ் லயத்து ஆண்டியப்பன் வந்திருந்தான். நானும் அவனும் ஒன்றாகத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள். வயசாகிவிட்டது என்று எங்களை ஒன்றாகவே நிறுத்தினார்கள். நான் மாடு பார்க்கப் போனேன். அவன் சங்கத்து ஆபீசில் நடந்த வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டான். அன்றிலிருந்து சீயாக்காய்ப் பொட்டலம் கிடைத்தால்கூட நின்று படித்துவிட்டுத்தான் போவான். இன்று மடியிலிருந்து ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தான். முத்துக்குடை ராணி கதை. அவன் மருமகன் அட்டன் பஜாரில் வாங்கி வந்ததாம்.

"என்ன மச்சான், செத்தவள எழுப்பி உட்டுட்ட? இங்க பாரு. சாம்-ப-லா-கிப் போ-னாள். கதை முற்-றிற்-று. சித்தரும் இல்ல, சீசாவும் இல்ல."

"அது வேற புஸ்தகம். என் புஸ்தகத்துல இருக்கு."

"நீ படிச்சியா?"

"வேலாயி படிச்சா. நான் கேட்டேன்."

"அப்ப ஒம் பொண்டாட்டி ஒன்னய நல்லா ஏமாத்திருக்கா."

பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் மனசில் விஷமில்லை. ஆனால் எனக்கு உள்ளே எதுவோ அறுந்தது. வேலாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு வாய் இருந்தால் இவன் எதிரே நிற்பானா? நான்தான் நிற்க வேண்டும். நாய்க்குட்டி வரும் புத்தகத்தைச் சித்திரைத் திருவிழாவுக்குள் கொண்டுவந்து காட்டுகிறேன், இல்லாவிட்டால் கோயில் வாசலில் மீசையை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். காட்டினால் தன் மீசையை எடுப்பதாக அவனும் சொன்னான். அவன் மீசை ஒரு மீசையா? கரப்பான் பூச்சிக் கால்.

என் மீசை அப்படி இல்லை. (மாமா இந்த இடத்தில் மீசையைத் தடவிக்கொண்டே நெடுநேரம் பேசினார். நான் சுருக்கிவிட்டேன். — பூரணி)

ஜனவரி 16, திங்கள்

தூக்கம் வரவில்லை. மீசை முளைக்கும். வேலாயி பொய்யாகப் படித்தாள் என்ற பேச்சு முளைத்தால் அதை யார் வெட்டுவது?

ஜனவரி 18, புதன்

ஏன் அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை என்பதையும் எழுதச் சொன்னேன்.

பெரிய கங்காணிதான் எனக்குப் பெண் பார்த்தார். இந்தியக் கரையிலிருந்து வந்த குடும்பம். "பொண்ணு படிச்ச பொண்ணுடா, ஒன் அதிர்ஷ்டம்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக் கட்டி வைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் எழுத்து தெரிந்த பெண் யாரும் இல்லை. கலியாணமான கையோடு, தலையில் தகரப் பெட்டி வைத்துக்கொண்டு மலை ஏறி வரும் பெட்டி வியாபாரியிடம் அவளுக்கு ஒரு புத்தகம் வாங்கினேன். மஞ்சள் அட்டை. ஒவ்வொரு எழுத்தும் கட்டெறும்பு அளவு. உள்ளே படங்கள். மூலையில் ஒரு கிளி. சென்னைப்பட்டணத்துச் சோணாசல நாயகர் அச்சுக்கூடத்து முத்திரை அது. எழுத்து தெரியாதவர்களும் "கிளிப் புஸ்தகம்" என்று கேட்டு வாங்குவோம்.

அன்று மாலையே இஸ்தோப்பில் லயம் பூராவும் கூடிவிட்டது. வேலாயி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தோம். பிறகு படித்தாள். அப்படி ஒரு படிப்பை நான் கேட்டதில்லை. அவள் படித்ததில் எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

அவள் போனபோது அந்தப் புத்தகத்தையும் அவளோடு வைத்து மண் தள்ளிவிட்டோம். ஆசைப்பட்ட பொருளை உடன் அனுப்புவது எங்கள் வழக்கம். எனக்குத் தெரியுமா, ஒருநாள் அதைக் காட்ட வேண்டிவரும் என்று?

ஜனவரி 22, ஞாயிறு

பூரணியும் நானும் பஸ் ஏறிக் கொட்டகலைக்குப் போனோம். பஜாரில் இப்றாஹிம் நானா கடை. திரி, பஞ்சாங்கம், கருவாடு, பழைய புத்தகம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. எனக்குப் புத்தகம் விற்ற பெட்டி வியாபாரி இவருடைய வாப்பாதான்.

விஷயத்தைச் சொன்னேன். நானா தராசைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேச ஆள் கிடைக்காமல் இருந்திருப்பார் போல.

நாயகரை அவர் வாப்பா நேரில் பார்த்திருக்கிறாராம். அப்போதே நாயகர் தொண்டு கிழம். வெள்ளைக்காரனுடைய பழைய அச்சு யந்திரத்தை ஏலத்தில் எடுத்துத் தொழில் தொடங்கிய மனுஷர். முதலில் போட்டது அரையணாப் பதிப்பு. ஒரே தாள், மடித்தால் பதினாறு பக்கம். கதை தாளுக்குள் அடங்கவேண்டும். தாள் முடிகிற இடத்தில் கதையும் முடிந்துவிடும், ராணி எங்கே நின்றாலும் சரி. அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் படிக்கிறவர்களுக்காகப் பெரிய எழுத்துப் பதிப்பு. அப்புறம் படம் போட்ட பதிப்பு. நாயகர் செத்த பிறகு மகன்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுப் பாகம் பிரித்தார்கள். வீடு, கிணறு, யந்திரம் எல்லாம் பிரித்தாயிற்று, கிளியை எப்படிப் பிரிப்பது? மூத்தவன் கிளி வலது பக்கம் பார்க்கும், இளையவன் கிளி இடது பக்கம் பார்க்கும் என்று பஞ்சாயத்தில் முடிவானதாம்.

எனக்கு உயிர் வந்தது. ஆண்டியப்பன் புத்தகத்துக் கிளி எந்தப் பக்கம் பார்த்தது? இடது பக்கம். நான் பார்த்தேன். வேலாயியுடையது வலது பக்கம்.

"பணக்காரன் புஸ்தகம் வாங்கினா அலுமாரிக்குள்ள வெப்பான், அண்ணே. அது அங்கயே இரிக்கும். ஏழை வாங்கினா கிழியும். கிழிஞ்சா மறுபடி வாங்குவான். நாயகருக்கு அது வெளங்கியிருந்திச்சி. அதுனாலதான் ஒவ்வொரு பதிப்பிலயும் கொஞ்சம் மாத்தி வுட்டாரு."

வாப்பாவின் பெட்டி பரணில் இருக்கிறதாம். இறக்கிப் பார்க்கிறேன் என்றார்.

பிப்ரவரி 5, ஞாயிறு

நானா பெட்டியை இறக்கி வைத்திருந்தார். கரப்பான் முட்டையும் புகையிலை வாசனையும். முத்துக்குடை ராணி மட்டும் மூன்று விதம் கிடைத்தது. பூரணி கடை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தைப் படித்தாள்.

அரையணாப் பதிப்பு: ராணி நெருப்பின் பக்கத்தில் வந்து "தெய்வமே" என்கிறாள். தாள் முடிந்தது.

படமில்லாத பெரிய எழுத்து: இறங்கிச் சாம்பலாகிறாள்.

இளைய மகன் போட்ட "திருத்திய பதிப்பு", கிளி இடது பக்கம்: சாம்பலாகி வானத்தில் வெள்ளியாகிறாள்.

சித்தர் இல்லை. நாய்க்குட்டி இல்லை. மூன்று தரம் செத்துப்போனாள் என் ராணி, ஒரே காலையில்.

மஞ்சள் அட்டை, படம் போட்டது, வலது கிளி — அது பெட்டியில் இல்லை. இருந்தால் அதில்தான் இருக்கும். இருக்கும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

பீலிக்குப் போகிற வழியில் ஆண்டியப்பன் கல்லில் சவரக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். காலையிலும் தீட்டினான். மாடு ஓட்டிக்கொண்டு திரும்பியபோதும் தீட்டினான். அவ்வளவு தீட்டினால் கத்தி தேய்ந்து ஊசியாகிவிடும் என்றேன். "ஒன் மீசைக்கு வாளே வேணும், மச்சான். இது பத்துமான்னுதான் கவலை" என்றான். அவன் மனைவி ராசம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவன் மேல் கோபம் வந்தது, என்னைச் சிரிக்க வைத்ததற்கு.

பிப்ரவரி 26, ஞாயிறு

மழை. பஸ் இல்லை. மகன் செல்லசாமி சொல்கிறான், விடுங்கப்பா, செத்துப்போன ராணிக்காக உயிரோடிருக்கிற மீசை போகணுமா என்று. அவனுக்குப் புரியவில்லை. ராணிக்காக இல்லை.

மார்ச் 5, ஞாயிறு

இன்று ஒரு அதிசயம்.

கொட்டகலையில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரும்வரை நானா கடையில் ஒதுங்கினோம். தேத்தண்ணி வந்தது. ஒதுங்கி நின்ற ஆட்கள் சும்மா நிற்கிறார்களே என்று நானா என்னைக் கதை சொல்லச் சொன்னார். தொடங்கினேன். வேலாயி படித்தபடியே, ஒன்றும் விடாமல். ராசா கலியாணப் பந்தலுக்கு நடுவே திடீரென்று புயலில் ஒரு கப்பல் வருவது, காட்டில் ராணியை யானை வணங்குவது, கடைசியில் சீசா, குடை, நாய்க்குட்டி.

நாய்க்குட்டி என்றேன். கடைக்குப் பின்னால் தொங்கும் சீலைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

"வால் சுருட்டின நாய்க்குட்டிதானே? கழுத்துல மணி?"

மணி என்று நான் சொல்லவில்லை. வேலாயி சொல்வாள். கிண்கிணி என்று ஓடும் என்பாள். இன்று அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அது நானாவின் மனைவி றுக்கையா. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அந்தப் படத்தைக் காட்டிக் காட்டித்தான் சோறு ஊட்டியிருக்கிறாராம். மஞ்சள் அட்டைதான். வட்டகொடையில் மகள் வீட்டுக்குப் பெட்டி போனபோது அதற்குள் போயிருக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்து வைக்கிறேன் என்றார். நானா திரையைப் பார்த்து, இத்தனை நாளும் வாயைத் திறக்கலியே என்று கோபித்துக்கொண்டார். "நீங்க என்னயக் கேட்டீங்களா?" என்று பதில் வந்தது.

ஜெயித்துவிட்டேன். வேலாயி, கேட்கிறதா?

மார்ச் 6, திங்கள்

ஆண்டியப்பனிடம், கத்தியைத் தீட்டி வை, உனக்கே உதவும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

பார்த்தேன். கையில் பிடித்தேன். அதே மஞ்சள் அட்டை, அதே வலது கிளி. நான் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். இந்தப் பக்கம் கப்பல். இந்தப் பக்கம் யானை. கடைசிக்கு முந்திய பக்கத்தில் நீளக் கழுத்துச் சீசா, பக்கத்தில் தாடிக்காரர். பின் அட்டையில் குடை பிடித்த ராணி, முன்னால் நாய்க்குட்டி, கழுத்தில் மணி. வேலாயி விரலால் தடவிக் காட்டின அதே இடம். எனக்குக் கண் மறைத்தது.

பூரணியிடம் கொடுத்துப் படி என்றேன். அவள் பார்த்தாள். இப்றாஹிம் நானாவும் எட்டிப் பார்த்து, "அட, இது நம்ம —" என்று ஏதோ தொடங்கினார். பூரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் உடனே பருப்பு நிறுக்கப் போய்விட்டார். அங்கே பருப்புக் கேட்ட ஆள் யாரும் இல்லை.

எழுத்து மங்கலாக இருக்கிறது மாமா, வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றாள்.

கட்டெறும்பு அளவு எழுத்து. மங்கல் என்கிறாள்.

மார்ச் 13, திங்கள்

இன்று மாமா எதுவும் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

நேற்றிரவு முழுக்க யோசித்தேன். இருக்கிறது என்று படித்துவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் இன்று அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "இருக்குறத இருக்குறபடி படி, பூரணி" என்றார். படித்தேன். ராணி நெருப்பில் இறங்கிச் சாம்பலானாள், கதை முற்றிற்று என்று இருந்தது. அதற்கு அடுத்த பக்கம், சீசாவுக்குக் கீழே: தலைவலி, பீனிசம், மண்டைக்குத்து யாவும் போக்கும் ரிஷி தைலம். பின் அட்டையில்: வெயிலுக்கும் மழைக்கும் உகந்த சீமைக் குடைகள் எங்கள் கடையில் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். குடையோடு நிற்பது ராணி இல்லை. தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி. நாய்க்குட்டி அவள் வளர்ப்பு. கப்பலும் யானையும் வேறு கதைப் புத்தகத்துக்குச் செய்த படக்கட்டைகளாக இருக்கவேண்டும், இடம் காலியாக இருந்ததால் அச்சடித்துவிட்டார்கள்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப அவளுக்குப் படிக்கத் தெரியாது" என்றார். எழுந்து மாட்டுப் பட்டிக்குப் போய்விட்டார்.

மார்ச் 16, வியாழன்

சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 19, ஞாயிறு

இன்று சொல்கிறேன். எழுது, பூரணி.

இந்த மூன்று நாளாக ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் வேலாயிக்குக் கண் வலி வந்துவிடும்; கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள் என்பாள். தோட்டத்து ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தால், அது இங்கிலீஸ் என்பாள். ஒரு தடவை அவள் கதை படிக்கும்போது புத்தகம் தலைகீழாக இருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். கிளி தலைகீழாக இருந்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள். அவள் அசரவில்லை. "எதிர்த்தாப்புல இருக்குறவங்களுக்குப் படம் தெரியணும்ல" என்றாள். லயமே தலையாட்டியது. நானும்தான்.

அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. பட்டியில் மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாடு பயந்துபோய் வாளியை உதைத்துவிட்டது.

கங்காணி வாயிலிருந்து வந்த பொய். அவள் என்ன செய்வாள், பாவம். புதுப் பெண், மடியில் புத்தகம், சுற்றி ஒரு லயத்துச் சனம். வெட்கம் என்று நாங்கள் நினைத்தோமே, அந்த நேரத்தில் அவள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கரையில் கேட்ட கதை கொஞ்சம் தெரிந்திருக்கும். மிச்சத்தைப் படம் சொல்லியிருக்கிறது. கலியாணத்துக்கு நடுவே கப்பல் கிடந்தது, கப்பலை ஓட்டினாள். கடைசியில் தைலச் சீசா கிடந்தது, அதைக் கொண்டு செத்தவளை எழுப்பினாள். அச்சடித்தவனே கொன்று போட்டான். இவள் தைலத்தை ஊற்றி எழுப்பியிருக்கிறாள். தலைவலித் தைலம்!

வேலாயி பொய்யாகப் படித்தாளா? படிக்கவே இல்லையே. அவள்தான் கட்டினாள். அவ்வளவு பெரிய கதையை என் ஒற்றை அறைக் காம்பராவில் வைத்துக்கொண்டு ஒருத்தி இருந்திருக்கிறாள், நான் அவளைப் படித்தவள் என்று மட்டும் நினைத்துப் பெருமைப்பட்டேன்.

இது உனக்கும் எனக்கும் போதும். செல்லசாமிக்குக்கூட வேண்டாம்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை பிறந்தது. திருவிழாவுக்குத் தோரணம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பூரணி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"வேணும்னா நான் சபையில இருக்குன்னே படிச்சிர்றேன், மாமா. படமும் இருக்கு. அவங்க எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள சாமி ஊர்வலம் போயிரும்."

"ஒரு வீட்டுக்கு ஒருத்தி போதும்" என்றேன்.

மீசையைக் கொடுத்துவிடலாம். புத்தகத்தைச் சபையில் காட்டினால் தைலமும் குடைக்கடையும் வெளியே வரும், வேலாயிக்கு எழுத்து தெரியாது என்பதும் வரும். ஆண்டியப்பன் கூட்டிக் கூட்டியாவது படித்துவிடுவான். காட்டாமல் தோற்றால் என்னோடு போகும். புத்தகம் கிடைக்கவில்லை என்றே சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

நேற்றுக் கரகம், தீமிதி. இன்று காலை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து கோயில் முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நானே எழுந்து போனேன். அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்த பதிப்புகளில் ராணி சாகிறாள், பந்தயத்தில் ஆண்டியப்பன்தான் ஜெயித்தான் என்று சொல்லித் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்டியப்பனுக்கு முகம் மாறியது. கத்தியை எடுத்தவன் கொஞ்சம் தயங்கினான்.

"மச்சான், வெளையாட்டுக்குச் சொன்னதுதான். வேணாம்னா வுட்றலாம்."

"மாசக்கணக்கா தீட்டினியே, வீணாப் போகலாமா? வழி."

வழித்தான். நன்றாகத் தீட்டியிருக்கிறான், எரியவே இல்லை. மேல் உதட்டில் காற்றுப் பட்டது. ஆண்டுக்கணக்கில் படாத காற்று. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்னைப் பார்த்தால் என் அக்கா மாதிரி இருக்கிறதாம்.

பிறகு வழக்கம் போலக் கதை. ஜெயித்தவன் அவன், அவன்தான் படிக்க வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பச்சைப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். பாதிப்பேர் கண்ணயர்ந்தார்கள். நெருப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தார்கள். சாம்பலாகிப் போனாள். கதை முற்றிற்று.

புத்தகத்தை மூடினான். யாரும் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சிருச்சு" என்றான்.

அப்போதும் யாரும் அசையவில்லை. ஒரு பெண்ணும் சேலையைத் தட்டவில்லை. முன் வரிசையில் அவன் மனைவி ராசம்மாவே உட்கார்ந்திருந்தாள். அவள் இந்தத் தோட்டத்தில் பிறந்து, வேலாயி காலடியில் உட்கார்ந்து கதை கேட்டு வளர்ந்தவள்.

"என்னங்க, நாய்க்குட்டி எங்க?"

"புஸ்தகத்துல இல்லடீ."

"நல்லாப் பாருங்க. நாய்க்குட்டி வராம எப்புடி வீட்டுக்குப் போறது? அம்மன் சன்னிதியில சாவோட எந்திரிக்கச் சொல்றீங்களா?"

ஆண்டியப்பன் புத்தகத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மீசையில்லாத என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புத்தகத்தைத் திறந்தான். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தான். இருமினான்.

"அப்-போது ஒரு சித்-தர் வந்-தார்" என்று படித்தான்.

விரல் எழுத்தின் மேலேயே நகர்ந்தது. நிற்கிற இடத்தில் நின்றது, கூட்டுகிற இடத்தில் கூட்டியது. சீசா வந்தது. ராணி எழுந்தாள். குடை வந்தது. பக்கம் தீர்ந்துபோனதும் வெற்று அட்டையின் மேல் விரலை ஓட்டினான். நாய்க்குட்டி கிண்கிணி என்று ஓடி வாசற்படியில் கால் வைத்தது. மணியைக்கூட விடவில்லை, திருட்டுப்பயல், நான் சொல்லும்போதெல்லாம் எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறான்.

பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அவன் பக்கத்தில் போய், படித்தது எந்தப் பதிப்பு என்று கேட்டேன்.

"அடுத்த பதிப்பு" என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

மே 7, ஞாயிறு

மஞ்சள் புத்தகத்தை றுக்கையாவிடம் திருப்பிக் கொடுத்தோம். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட வேண்டுமாம். நானா என் உதட்டைப் பார்த்தார். தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுக் கொடுத்தார்.

மே 21, ஞாயிறு

மீசை முளைக்கிறது. நரைதான், ஆனால் முள்ளு மாதிரி இருக்கிறது. ஆண்டியப்பன் தினம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறான், நாற்று வைத்தவன் மாதிரி.

மழை விட்ட நேரம், பூரணியிடம் இந்த டயரியை முதலிலிருந்து வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். மாடு, பீலி, கிளி, கத்தி எல்லாம் வந்தது. சில இடங்களில் நான் அவ்வளவு அழகாகச் சொன்ன ஞாபகம் இல்லை. "வேலாயி, கேட்கிறதா?" என்று ஒரு இடத்தில் வந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை, நினைத்தது மட்டும்தான்.

இதெல்லாம் நான் சொன்னதுதானா என்று கேட்டேன்.

பூரணி பக்கத்தைப் பார்த்தபடியே, "இங்க அப்புடித்தான் இருக்கு, மாமா" என்றாள்.

சரி, இருக்கட்டும், மேலே படி என்றேன்.